ஒரு படகுக் கோட்டுக்கு ஆறு ஞாயிற்றுக்கிழமை

தனியாக இருக்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையைப் போல ஒரு பகையாளி கிடையாது. மற்ற ஆறு நாளும் வேலை வந்து கையைப் பிடித்துக்கொள்ளும். ஞாயிறு மட்டும் காலையிலேயே எதிரே வந்து உட்கார்ந்துகொண்டு, "அப்புறம்?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பயந்து நான் ஒரு படகையே முக்கியிருக்கிறேன். ஏழு பேரோடு.

நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் பத்துப் பேர் என்பார்கள்.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. வில்லாபுரத்தில் ஸ்டிக்கர் கடை. பைக்குக்கு நம்பர் பிளேட், ஆட்டோ முதுகில் பிள்ளைகள் பெயர், கார் கண்ணாடியில் சாமி படம் என்று எதை நீட்டினாலும் ஒட்டிக் கொடுப்பேன். கடைக்குப் பின்னாலேயே ஒற்றை அறை வீடு. அம்மாவும் அப்பாவும் ஒன்றரை வருட இடைவெளியில் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அக்கா கல்யாணமாகி ஓசூரில் இருந்தாள். ஞாயிறு காலை சர்ச்சுக்குப் பூசைக்குப் போவேன். பூசை முடிந்து வாசலில் எல்லோரும் கைகொடுத்து, "என்ன பீட்டரு, நல்லாருக்கியா?" என்பார்கள். நான் பதில் சொல்வதற்குள் அவரவர் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, கறி வெந்துகொண்டிருக்கும் வீடுகளுக்குக் கிளம்பிவிடுவார்கள். நான் பார்சல் பிரியாணி வாங்கி வந்து, டிவியைப் போட்டுவிட்டுச் சாப்பிடுவேன். டிவியில் என்ன ஓடுகிறது என்பது எனக்கு முக்கியமில்லை. வீட்டில் யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த நிலைமையில்தான் முத்துப்பாண்டி அண்ணன் கடைக்கு வந்தார். சமயநல்லூரைத் தாண்டித் தோட்டம் வைத்து விவசாயம் பார்க்கும் சம்சாரி. தோட்டத்துக் குட்டையை அகலப்படுத்தி, சுற்றிலும் நாலு ஊஞ்சல் போட்டு, குடும்பத்தோடு வந்து பொழுதுபோக்க ஒரு பூங்கா ஆரம்பிக்கப்போவதாகச் சொன்னார். அதற்காகக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து பழைய பைபர் படகு ஒன்றை வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிட்டாராம்.

"படகு நல்ல படகு தம்பி. ஆனா ரெண்டு பக்கமும் ஒட்டியிருந்த செவப்புக் கோடெல்லாம் வெயில்ல காஞ்சு பேந்துபோச்சு. சொறி புடிச்ச நாய் மாதிரி நிக்குது. படகுக்கெல்லாம் ஒட்டுவீகளா?"

"எத்தனை படகு பாத்திருக்கேன்ணே!" என்றேன். (பார்த்திருக்கிறேன். ராமேஸ்வரம் டூர் போனபோது, பஸ் ஜன்னல் வழியாக.)

படகுக்குக் கோடு ஒட்டுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பழைய ஸ்டிக்கரைச் சூடு காட்டி உரிக்க வேண்டும். பசையைத் துடைத்து எடுக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் அடித்து, புதிய கோட்டை வைத்து, பிளாஸ்டிக் தகட்டால் தண்ணீரை வழித்துத் தள்ளினால் முடிந்தது. அரை நாள் வேலை. சாவகாசமாக டீ குடித்துச் செய்தால் ஒரு நாள். எனக்கு ஆறு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

காரணம் கோடு இல்லை, குழம்பு. முதல் ஞாயிறு அளவெடுக்கத்தான் போனேன். டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பும்போது அண்ணனின் மனைவி ராசாத்தி, "சாப்பாட்டு நேரத்துல எங்க கெளம்புறீக? கையக் கழுவிட்டு வாங்க" என்றார். கேட்ட மாதிரியும் இல்லை, உபசரித்த மாதிரியும் இல்லை. வீட்டு ஆளை அதட்டுகிற மாதிரி இருந்தது. ஆட்டுக்கறிக் குழம்பு. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து உர விலையைப் பற்றிப் புலம்பினார். நான் பதிலுக்குப் பதில் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில், நான் பேசியதற்கு ஒருவர் "ஆமா தம்பி" என்று சொல்லி எத்தனை மாதமாகியிருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. ரசத்துக்கு இரண்டாவது தடவை சோறு போட்டபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். மிளகு காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். வேலை முடிந்தால் அந்த வீட்டுக்குப் போக எனக்கு ஒரு முகாந்திரமும் இல்லை. வேலை முடியாதவரை உண்டு.

இரண்டாவது ஞாயிறு ஒரு பக்கத்து ஸ்டிக்கரை மட்டும் உரித்தேன். சூடு காட்டும் மெஷினை வேண்டுமென்றே கடையிலேயே வைத்துவிட்டுப் போய், நகத்தால் சுரண்டினேன். அது பழைய அப்பளம் மாதிரி பொடிப்பொடியாக வந்தது. "பொறுமையா செய்யணும்ணே, இல்லேன்னா பைபர்ல கோடு விழுந்துரும்" என்றேன். மூன்றாவது ஞாயிறு மறு பக்கம். அன்றைக்குத்தான் ராசாத்தியக்கா என்பதை விட்டுவிட்டு 'மதினி' என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அவர் சாதாரணமாக, "என்ன வேணும்?" என்று திரும்பினார். தண்ணீர் கேட்டேன். தாகமே இல்லை.

நான்காவது ஞாயிறுதான் என் அறிவு வேலை செய்த நாள். பசையைத் துடைத்தபோது பழைய கோடு இருந்த இடம் மட்டும் வெயில் படாமல், பளிச்சென்று ஒரு தடமாகத் தெரிந்தது. அந்தத் தடத்தின் மேலேயே புதிய கோட்டை வைத்து ஒட்டியிருந்தால் இந்தக் கட்டுரை கிடையாது. ஆனால் எனக்கு அந்தத் தடம் சரிவாகத் தெரிந்தது. கையோடு கொண்டுபோயிருந்த ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நிற்கவில்லை, ஓரத்துக்கு ஓடிவிட்டது. முன்பக்கம் மேலே, பின்பக்கம் கீழே.

"அண்ணே, இத ஒட்டுனவன் கோணலா ஒட்டியிருக்கான்!"

"அப்புடியா? கடக்கரைக்காரங்களாச்சே தம்பி?"

"அவங்க மீனத்தான் பாப்பாங்க. மட்டம் பாக்கத் தெரியாதுல்ல?"

அண்ணன் என்னை மரியாதையோடு பார்த்தார். நான் பாலிஷ் போட்டுத் தேய்த்து, அந்தத் தடத்தைச் சுவடே தெரியாமல் அழித்தேன். (நாள் முழுக்கத் தேய்த்தேன். அன்றைக்கு நாட்டுக்கோழி.) படகு குட்டைக் கரையில், ஏறுமுகமான சரிவில், பழைய டயர்கள் மேல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்பது என் கண்ணில் படவே இல்லை. நிற்கிற இடமே சரிவு என்றால் நேர்கோடும் சரிவாகத்தான் தெரியும் என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். நான் பன்னிரண்டாவது பாஸ்.

ஐந்தாவது ஞாயிறு சிவப்பு ரோலுக்குப் பதில் மஞ்சள் ரோலை எடுத்துக்கொண்டு போனேன். "ஐயையோ, மாத்திக் கொண்டாந்துட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அன்றைக்குக் கரண்டியோடு வந்த மதினி, ரோலையும் என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, அடுத்த வாரம் செவப்பக் கொண்டாங்க" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. அடுத்ததற்கு அடுத்த ஞாயிறு நாள் நன்றாக இருக்கிறது, படகை இறக்கிவிடலாம், சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது என்றார். வேறு வழியில்லை. ஆறாவது ஞாயிறு, ரசமட்டத்தின் குமிழி அசையாமல் நடுவில் நிற்க, இரண்டு பக்கமும் சிவப்புக் கோட்டை ஒட்டி முடித்தேன். ஒரு கொப்புளம் இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒட்டியதே இல்லை. கடைசி வாரமாயிற்றே என்று சாப்பாட்டைக் கூடுமானவரை மெதுவாகச் சாப்பிட்டேன்.

படகு இறக்கும் நாள் வந்தது. மதினியின் தங்கைகள் இரண்டு பேர், அவர்கள் வீட்டுக்காரர்கள், மதினியின் அண்ணன் காசி, அவர் மனைவி என்று வீடு நிறைந்திருந்தது. காசி அண்ணனுக்குப் பரவை மார்க்கெட்டில் தக்காளி மண்டி. இருபது வருடமாக லாரிக்குச் சரக்கு ஏற்றி அனுப்புகிறவர். பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை லாரி நிற்கிற நிற்பிலேயே சொல்லிவிடுவார் என்று அவரே சொன்னார்.

புது வண்டிக்குச் செய்கிற மாதிரியே படகுக்கும் பூசை நடந்தது. மூக்கில் சந்தனம், குங்குமம், மாலை. தேங்காய் உடைத்தார்கள். எலுமிச்சம்பழம் வந்ததும் ஒரு சிக்கல். வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றலாம், படகில் எங்கே வைப்பது? கால் மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் படகுக்கு முன்னால் மண்ணில் வைத்து, எல்லோருமாகச் சேர்ந்து தள்ளி, படகையே அதன் மேல் ஏற்றி நசுக்கினார்கள். "தம்பி, நீங்களும் கை வையிங்க, உங்க வேலையில்ல?" என்று அண்ணன் கூப்பிட்டார். நான் கை வைத்தேன். அந்த நிமிஷம் நானும் அந்த வீட்டு ஆள்தான்.

அண்ணன் துடுப்போடு நடுவில் உட்கார்ந்தார். மதினி, தங்கைகள், அவர்கள் வீட்டுக்காரர்கள், காசி அண்ணன் மனைவி என்று மொத்தம் ஏழு பேர். காசி அண்ணனும் நானும் கரையில் நின்றோம். நான் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். படகு பத்தடி போய்ப் பக்கவாட்டில் திரும்பியது. சிவப்புக் கோடு முழுசாகத் தெரிந்தது.

கோடு பின்பக்கம் உயர்ந்து, முன்பக்கம் தண்ணீருக்குள் போகிற மாதிரி இறங்கியிருந்தது. பார்க்கிறவனுக்குப் படகு மூக்குக் குப்புற முங்கப்போகிறது என்றுதான் தோன்றும்.

காசி அண்ணனுக்குத் தோன்றியது.

"ஏய்! மாப்ள! மூக்கு முங்குதுய்யா! பாரம் முன்னாடி ஏறிப்போச்சு! எல்லாரும் பின்னாடி போங்க!"

எனக்கு அந்த நொடியே எல்லாம் விளங்கிவிட்டது. சரிவு, டயர், குமிழி, நான் அழித்த தடம், எல்லாம். படகு நேராகத்தான் மிதக்கிறது. கோடுதான் கோணல். "ஒண்ணுமில்ல, உக்காருங்க, ஸ்டிக்கர்தான் தப்பு!" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாயைத் திறந்தேன். இவன் உருப்படாதவன், ஒரு கோடு ஒட்டத் தெரியாதவன் என்று தெரிந்துவிட்டால் அடுத்த ஞாயிறு இந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது என்ற எண்ணம் குறுக்கே வந்தது. திறந்த வாயால் நான் சொன்னது இது: "ஆமா, பின்னாடி போங்க!"

படகில் இருப்பவர்களுக்குக் கோடு தெரியாது. எங்கள் இரண்டு பேரின் கூச்சல்தான் தெரியும். இரண்டு பேர் பின்னால் நகர்ந்தார்கள். கோடு அப்போதும் சரிந்துதான் இருந்தது. "பத்தாது! இன்னும் போங்க!" என்றார் காசி அண்ணன். எல்லோரும் போனார்கள். அண்ணன்கூடத் துடுப்பைப் போட்டுவிட்டுப் போனார். ஏழு பேரும் படகின் பின் ஓரத்தில் தீபாவளி பஸ் மாதிரி நெருக்கியடித்து நின்றபோதுதான் என் கோடு முதல் தடவையாகத் தண்ணீருக்கு மட்டமாக வந்தது.

"இப்பச் சரி!" என்றார் காசி அண்ணன்.

அவர் சொல்லி முடிக்கவும் படகின் பின்விளிம்பு வழியாகக் குட்டை உள்ளே வந்தது. படகு கவிழவெல்லாம் இல்லை. மெதுவாக, பெரியவர்கள் நாற்காலியில் உட்கார்கிற மாதிரி உட்கார்ந்தது. நாலு பட்டுச் சேலை, புது வேட்டி, மாலை, ஒரு தூக்குவாளி நிறைய சர்க்கரைப் பொங்கல் எல்லாம் சேர்ந்து உட்கார்ந்தன. இடுப்பளவு தண்ணீர்தான். ஆனாலும் அந்த அலறல் திண்டுக்கல் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். நான் போனைக் கையில் பிடித்தபடி நின்றேன். வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. (அதில் என் குரல் தெளிவாக இருக்கிறது. யாருக்கும் அனுப்பியதில்லை.)

எல்லோரும் கரையேறினார்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தண்ணீரை இறைத்துவிட்டுக் காலிப் படகை மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் கோடு சரிந்துதான் நின்றது. "பாரம் இல்லாமலே மூக்கு அமுங்குது பாருங்க, படகே கோளாறு" என்று காசி அண்ணன் தீர்ப்புச் சொன்னார். அண்ணன் வேட்டியைப் பிழிந்துகொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஆசப்பட்டு வாங்குனேன் தம்பி. ஓட்டப் படகத் தலையில கட்டிட்டான். வார ஞாயித்துக்கெழமை லாரிய வரச் சொல்லி, வித்தவன் வாசல்லயே கொண்டுபோய்ப் போட்டுட்டு வாரேன். பூங்காவும் வேணாம், ஒண்ணும் வேணாம். உங்க ஆறு வார வேலையும் வீணாப்போச்சு."

எனக்காக வருத்தப்பட்டார். அதுதான் தாங்கவில்லை. தலைவலி என்று பொய் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

அந்த வாரம் கடையில் என்ன செய்தேன் என்று நினைவில்லை. ஒரு ஆட்டோவுக்குப் பிள்ளைகள் பெயரை இரண்டு தடவை ஒட்டிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து அறையில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்குகிற வாசனை வந்தது. டிவியைப் போட்டேன், அணைத்தேன். போகாமல் இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அண்ணன் ஒரு நல்ல படகைக் கொண்டுபோய்க் கொடுத்து, யாரோ ஒருவனோடு சண்டை போட்டுவிட்டு வருவார். போய்ச் சொன்னால் அந்த வீட்டு வாசலில் அதுதான் கடைசி நாள். இரண்டில் எதைச் செய்தாலும் எனக்குச் சாப்பாடு இல்லை. சாப்பாடுதான் இல்லை, உண்மையையாவது சொல்வோம் என்று கிளம்பினேன். பெரிய யோக்கியன் என்பதால் இல்லை. அந்த அறையில் இன்னும் ஒரு மணி நேரம் இருக்க முடியாது என்பதால்.

நான் போனபோது லாரி வந்து நின்றிருந்தது. காசி அண்ணன் கயிற்றோடு நின்றார். நான் யாரிடமும் பேசாமல் பேண்டோடு குட்டையில் இறங்கி, படகின் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

"அண்ணே, கோட்டப் பாக்காதீக. படகோட விளிம்பப் பாருங்க. விளிம்பு தண்ணிக்கு மட்டமா இருக்கு பாருங்க. படகுல ஒரு கோளாறும் இல்ல. நான்தான் சரிவுல வச்சு மட்டம் பாத்து ஒட்டிட்டேன். பழைய கோடு சரியாத்தான் இருந்துச்சு, அதையும் அழிச்சுட்டேன்."

அண்ணன் குனிந்து விளிம்பைப் பார்த்தார். நிமிர்ந்து கோட்டைப் பார்த்தார். மறுபடி விளிம்பு.

"இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?"

"அன்னைக்கே. காசியண்ணன் கத்தும்போதே."

"பெறகு ஏன்யா வாயத் தொறக்கல? நீங்களும்ல பின்னாடி போகச் சொன்னீக?"

"வேலை கோளாறுன்னு தெரிஞ்சா அடுத்த வாரம் வரச் சொல்ல மாட்டீகன்னு நெனச்சேண்ணே."

சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். முப்பத்தொரு வயது ஆண்பிள்ளை, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, லாரி டிரைவர் பார்க்க அழுதேன். காசி அண்ணன் கயிற்றைக் கீழே போட்டார். அவருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இருபது வருட லாரி அனுபவத்தை ஒரு ஸ்டிக்கர் ஏமாற்றிவிட்ட வருத்தமாகவும் இருக்கலாம்.

மதினி வீட்டுக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கரைக்கு வந்து நின்றார்.

"வேலைக்கா உங்கள வரச் சொன்னோம்? ரெண்டு கோடு ஒட்ட ஆறு ஞாயித்துக்கெழமை ஆகுமா? எனக்குத் தெரியாதா? மூணாவது வாரமே இவுககிட்ட சொல்லிட்டேன், அந்தப் புள்ளைக்கு வீட்டுல பேச ஆளில்ல போல, வேலைய முடி முடின்னு வெரட்டாதீகன்னு. மஞ்ச ரோலத் தூக்கிட்டு வந்தப்ப சிரிப்ப அடக்க நான் பட்ட பாடு எனக்குல்ல தெரியும். மேல ஏறி வாங்க, சோறு ஆறுது."

லாரி வெறுமனே திரும்பிப் போனது. சாப்பிட்டு முடித்ததும் ரோஷம் வந்து, "மதினி, அந்தக் கோட்ட இன்னைக்கே உரிச்சுட்டு, தண்ணில நிக்கும்போதே மட்டம் பாத்து ஒட்டிர்றேன். அர நாள்தான்" என்றேன்.

"அத உரிச்சுட்டா, பெறகு என்னத்தச் சொல்லிக்கிட்டு வருவீக?" என்றார் மதினி. "கெடக்கட்டும்."

இது நடந்து ஒன்பது வருடமாகிறது. பூங்கா ஓரளவுக்கு ஓடுகிறது. கோடு இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது. வருகிறவர்கள் பயந்தால் அண்ணன், "கோட்ட நம்பாதீங்க, தண்ணியப் பாருங்க" என்று சொல்லி ஏற்றிவிடுகிறார். கல்யாணம் ஆயிற்றா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. வாரத்தில் ஆறு நாள் நான் தனியாள்தான். சில நாட்கள் கடையைப் பூட்டிவிட்டுப் பின்பக்கம் போகவே பிடிக்காமல் ஷட்டரின் பூட்டைத் தடவிக்கொண்டு நிற்பேன். அது மாறவில்லை, மாறும் என்றும் தோன்றவில்லை.

அந்த வீட்டில் மட்டும் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. விருந்துக்கு வந்தவர் விடைபெற்றுக்கொண்டும் வாசலிலேயே நின்றால், பிறந்த வீட்டுக்கு வந்த தங்கை புருஷன் வீட்டுக்குப் போகாமல் பையைத் திரும்பத் திரும்பப் பிரித்து அடுக்கினால், "என்ன, படகுக்குக் கோடு ஒட்டுறாளா?" என்று கேட்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். அவள் இன்னொரு நாள் இருந்துவிட்டுப் போவாள்.

போன ஞாயிறு சாயங்காலம் நான் கிளம்ப எழுந்தேன். செருப்பில் ஒன்றைக் காணவில்லை என்று தேடினேன். இரண்டும் என் காலுக்குப் பக்கத்திலேயேதான் கிடந்தன.  அன்றைக்கு வந்திருந்த காசி அண்ணன் அடுப்படிப் பக்கம் திரும்பி, "ராசாத்தி, ராத்திரிக்கு நாலு தோசை சேத்து ஊத்து. பீட்டரு கோடு ஒட்டுறாரு" என்றார்.